குணமும் கொலையும்

கொலை புரிவார்க்கு அதற்கேற்ற குணங்கள் முன்னரே அமைந்துள்ளனவோ, அவற்றை எண்ணால் அளத்தல் கூடுமோ என்னும் ஆராய்ச்சி மேனாட்டு உளநூலாரிடை வலுத்து நிற்கின்றது. கனடா நாட்டு இராபர்ட் ஹேர் என்பார் 1991இல் திருத்தி வெளியிட்ட அளவைப் பட்டியல் அவற்றுட் பெயர்பெற்றது. நயமொழி, பொய்ம்மை, இரக்கமின்மை, செய்தற்கு இரங்காமை, அடக்கமின்மை முதலாக 20 கூறுகள். கூறொன்றுக்கு 2 மிகாமல் மதிப்பெண் 40. வட அமெரிக்க நீதிமன்றங்களில் ஒருவனை விடுவித்தலும் சிறைவைத்தலும் ஆராயப்படுமிடத்து இவ்வெண் சான்றாகக் காட்டப்படுகின்றமையின், இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று.

இதன்கட் குற்றம் யாதெனின், இளமையிற் செய்த குற்றம், பலவகைக் குற்றஞ் செய்தல் என்பனவும் அவ்விருபதனுள் எண்ணப்பட்டுள்ளன. குற்றத்தை ஏதுவாக வைத்துக் குணத்தைத் துணிந்து, அக்குணத்தை ஏதுவாக வைத்துக் குற்றத்தைத் துணிதல் ஒன்றனையொன்று பற்றுதல் என்னும் வழுவாதல் தருக்கநூல் பயின்றார்க்கு வெள்ளிடைமலை. ஸ்கீம், குக் என்னும் மேனாட்டறிஞர் இருவரும் 2010இல் ஏறக்குறைய இதனையே வினாவினர். தாம் கொண்டது குற்றத்தையன்று, நெறிபிறழ்ந்த ஒழுக்கத்தையே என்பது ஹேர் தரப்பு விடை. அஃது அமையாது; ஒழுக்கம் அறியப்படுவது செயலானேயாகலின்.

அற்றேல், குணம் என ஒன்று இல்லையோ எனின், உண்டு. மெய்ப்பொருள் நாயனாரை வஞ்சித்த முத்தநாதன்பால் நயமொழி, பொய்ம்மை, இரக்கமின்மை மூன்றும் பொருந்தக் காண்கின்றோம். ஆயினும் சேக்கிழார் பெருமான் போரிற் பலமுறை தோற்று அவன் மானமிழந்தமையை முன்வைத்தே, பின்னர் நீறும் சடையும் சுவடியுள் மறைத்த படையும் கூறினார். நயமொழியும் பொய்யும் உடையார் உலகிற் பலர். அவரெல்லாம் கத்தி எடுத்திலர். தோல்வியும் பகையுமாகிய சார்பு கூடியவழியே முத்தநாதன் குணம் கொலையாய் முடிந்தது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்னும் சித்தாந்தத்திற்கு இதனினும் தெளிந்த காட்டு வேண்டா.

நம்மவருள்ளும் சிலர், கொலைஞனைக் கண்டால், "அவன் வினை அத்தகையது, திருந்தான்" என்று எளிதிற் கூறி அமைகின்றனர். வினை என்னும் சொல்லைப் பெய்தாரேனும், இவர் கூற்று, கொலைஞன் பிறப்பிலேயே வேறினத்தான் என இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ 1876இல் வெளியிட்ட நூலிற் கொண்டதனின் வேறன்று. முக்குணமும் மாயையின் காரியம். ஆணவமும் செம்பிற் களிம்புபோல அநாதியே உடன்நிற்பதன்றி உயிரின் தன்மையன்று, நீங்கற்பாலது.

பட்டியலிலோ, இளமைக் குற்றம் ஒருமுறை எண்ணப்படின் நீங்குமாறில்லை. பதினைந்தாம் ஆண்டிற் பெரும்பிழை செய்தவன் அறுபதாம் ஆண்டில் அடங்கி வாழினும் அம்மதிப்பெண் 2 அவன்மேல் நிற்கும். விடுதலையை ஆராயும் மன்றத்தார் அக்கூறுகளைத் தள்ளி எஞ்சியவற்றையே நோக்குதல் வேண்டும்.