குக்கரில் கேக்: வண்ணாரப்பேட்டை அடுப்படிக்கு எது தோது?

கேக் மாவு சரியாக வேக, பாத்திரத்துக்குள் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை உலர்ந்த சூடு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். மாவு இறுகிக் கேக்காக நிற்பதற்கு அதன் நடுப்பகுதி 95 டிகிரியைத் தாண்டினாலே போதும். மேல்புறம் பொன்னிறமாகி வாசனை எழுவதற்குத்தான் 140 டிகிரிக்கு மேல் தேவைப்படுகிறது. ஆகவே ஓவன் அல்லாத எந்தப் பாத்திரத்தைச் சோதித்தாலும் பார்க்க வேண்டியவை இரண்டு: உள்ளே வேகிறதா, மேலே சிவக்கிறதா? முதலாவதில் பெரும்பாலும் எல்லாமே தேறிவிடும். இரண்டாவதில்தான் பலவும் தோற்கின்றன.

வண்ணாரப்பேட்டையின் பழைய ஸ்டோர் வீடுகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் ஓ.டி.ஜி. வாங்கத் தயங்குவதற்குக் காரணம் கரண்ட் பில் அல்ல. 1200 வாட் ஓ.டி.ஜி. ஒரு மணி நேரம் ஓடினாலும் 1.2 யூனிட்டுக்கு மேல் இழுக்காது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இது பெரிய செலவில்லை. தடை இடமும் பிளக்கும்தான். கேஸ் அடுப்பு, மிக்ஸி, தண்ணீர்க் குடம் ஆகியவற்றுக்கே பற்றாத மேடையில் இன்னொரு பெட்டிக்கு இடம் ஏது? 2000 வாட் ஓவன் என்றால் 16 ஆம்பியர் பவர் பிளக்கும் வேண்டும். அது ஒன்றுதான் இருக்கும். அதையும் பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ பிடித்திருக்கும். எனவே இருக்கிற பாத்திரத்திலேயே கேக் செய்வது இங்கே பொழுதுபோக்குச் சோதனை அல்ல, நியாயமான தேவை.

அதில் முதலிடம் பிரஷர் குக்கருக்கு. 2020 ஊரடங்கில் பேக்கரிகள் மூடிக் கிடந்தபோது இந்த முறை வீடு வீடாகப் பரவியது. செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றி, அடியில் உப்பையோ மணலையோ பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, கேக் டின்னை இறக்கி மூடி, சிம்மில் 40 நிமிடம் விட வேண்டும். 5 லிட்டர் குக்கருக்கு 6 அங்குல டின் சரியான அளவு. டின்னைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி இருந்தால்தான் சூடான காற்று சுழலும். அதைவிடப் பெரிய டின்னைத் திணித்தால் ஓரம் கருகி நடு மாவாகவே நிற்கும்.

கேக் நன்றாகவே வருகிறது. அதில் குறை சொல்ல முடியாது. ஓரமும் அடியும் சிவந்து, உள்ளே பஞ்சாக வெந்துவிடும். மேல்புறம் மட்டும் வெளுத்து, தொட்டால் விரலில் ஒட்டும். மாவிலிருந்து எழும் ஆவி மூடியில் பட்டு நீராகிச் சொட்டுவதுதான் காரணம். ஆனால் குக்கர் முறையின் உண்மையான சிக்கல் கேக்கில் இல்லை, மூடியில் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி வெயிட் போட்டுச் சமைக்கும்போது குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டியே நிற்கும். கேஸ்கட், சேப்டி வால்வு எல்லாம் அந்தக் கணக்கை வைத்துச் செய்யப்பட்டவை. பல குக்கர்களின் சேப்டி வால்வில் குறைந்த சூட்டிலேயே உருகும் உலோகக் கலவை இருக்கிறது. தண்ணீர் வற்றிச் சூடு எகிறினால் அது உருகி வழிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. கேக்குக்காகத் தண்ணீரில்லாமல் சூடாக்கும்போது இதே சூட்டைத்தான் வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். வால்வு உருகி ஓட்டை விழுந்தால் உடனே தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். பாதி இளகி மறுபடி இறுகியிருந்தால்தான் ஆபத்து. மறுநாள் பருப்பு வைக்கும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தண்ணீரில்லாமல் குக்கரைச் சூடாக்கக் கூடாது என்று பல நிறுவனங்களின் கையேடுகள் எச்சரிப்பதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையின் உத்தரவாதமும் அழுத்தத்தில் சமைக்கும் பாத்திரத்துக்குத்தான், ஓவனுக்கு அல்ல.

அடியில் கொட்டும் உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு சூட்டைப் பரப்புவது உண்மை. ஆனால் அலுமினியத்தை உப்பு அரித்துச் சிறு சிறு குழிகளாக்கும். கடற்காற்றில் ஈரம் குறையாத வடசென்னையில், பாத்திரத்திலேயே விட்டுவைத்த உப்பு இரண்டு நாளில் நீர்த்து அந்த வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். கடலை வறுப்பவர்கள் வைத்திருப்பதுபோல் சலித்துக் கழுவிக் காயவைத்த மணலே மேல். மணலும் இல்லையென்றால் ஒரு இரும்பு வளையம் மட்டும் போதும்.

வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிய பிறகு குக்கர் என்பது தடித்த அடியும் கனத்த மூடியும் உள்ள ஒரு பாத்திரம், அவ்வளவே. அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பாத்திரம் இந்தப் பகுதி வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: பிரியாணி செய்யும் அலுமினிய தேக்சா. அடி கனமானது, வாய் அகலமானது, மூடி தட்டையானது. உருகவோ கெடவோ அதில் ரப்பரும் இல்லை, வால்வும் இல்லை. எவர்சில்வரைவிட அலுமினியம் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதால் அடியில் ஒரே இடத்தில் கருகுவதும் குறைவு. இதே காரணத்தால் கேக் டின்னும் அலுமினியமாக இருப்பது நல்லது. எவர்சில்வர் டிபன் பாக்ஸில் ஊற்றிய மாவு வேகும், ஆனால் ஓரத்தில் நிறம் ஏறுவதற்குள் நேரம் இழுத்துவிடும்.

தேக்சாவின் பெரிய பலம் அந்தத் தட்டை மூடி. தம் போடும்போது மூடிமேல் தணல் கொட்டுவது பிரியாணி மாஸ்டர்களின் வழக்கம். கேக்குக்குக் குறைபடுகிற மேல்சூட்டை அதே தணல் கொடுத்துவிடும். இந்த வித்தை புதிதல்ல. ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது 1856-ல். ரயில்வே வேலையை ஒட்டி வடசென்னையில் குடியிருந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களுக்கு, மின்சார ஓவன் வருமுன் கேக் சுடத் தெரிந்த வழி கீழே நெருப்பு, மூடிமேல் கரி என்பதே. சோதனையில் ஓவன் கேக்குக்கு மிக நெருங்கி வருவதும் இதுதான். மேல்புறம் காய்ந்து, மெல்லிய தோல் படிந்து, பழுப்பேறி நிற்கும். ஒரு எச்சரிக்கை: ஜன்னல் இல்லாத அடுப்படியில் கரி மூட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ செய்யலாம். அந்த வசதி இல்லாதவர்கள் இன்னொரு அடுப்பில் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, கடைசிப் பத்து நிமிடம் அதையே தேக்சாவுக்கு மூடியாக வைக்கலாம். கரி அளவுக்குச் சிவக்காது, ஆனால் ஈரம் வற்றிவிடும்.

இட்லிப் பானையின் கணக்கு வேறு. ஆவி 100 டிகிரியைத் தாண்டாது, அதனால் கேக் ஒருபோதும் சிவக்காது. அதைத் தோல்வி என்று சொல்வது சரியில்லை. அது வேறு பண்டம். சீனாவில் ஆவியில் அவித்த கேக் தனி வகை. தமிழ் முஸ்லிம் வீடுகளின் வட்டிலப்பமும் ஆவியில் வேகும் இனிப்புதான். ரவை, கேரட், வாழைப்பழம், வெல்லம் சேர்த்த கேக்குகளுக்கு இந்த முறை மிகவும் பொருந்தும். மறுநாளும் காயாமல் இருக்கும். டின் மேல் இட்லித் துணியைக் கட்டிவிட்டால் நீர் சொட்டாது. வெறும் வெண்ணெய் கேக்கை மட்டும் இதில் முயல வேண்டாம், பிசுபிசுத்துப் போகும்.

சின்னதாகச் செய்ய குழிப்பணியாரச் சட்டிக்கு நிகரில்லை. குழியில் நெய் தடவி, முக்கால் அளவுக்கு மாவு விட்டு, மூடி, தீயைக் குறைத்தால் இரண்டு நிமிடத்தில் ஓரம் குழியை விட்டுப் பிரியும். குச்சியால் புரட்டிவிட்டால் மறுபக்கமும் சிவக்கும். டென்மார்க்கில் ஏப்லெஸ்கீவர் என்ற இனிப்பை இதேபோன்ற குழிச் சட்டியில்தான் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் இரும்பைத் தொடுவதால் மேல்புறம் வெளுப்பது என்ற பிரச்சினையே இதில் எழாது. பிள்ளைகளின் டிபன் டப்பாவுக்கு இதுவே உத்தமம்.

ரைஸ் குக்கர் பொறுமையைச் சோதிக்கும். அதன் அடியில் உள்ள காந்த சுவிட்ச், பாத்திரம் 100 டிகிரியைச் சற்றே தாண்டியதும் காந்தப் பிடிப்பை இழந்து 'டக்' என்று விழும். சாதத்தில் தண்ணீர் வற்றும்வரை அந்தச் சூடு தாண்டாது. கேக் மாவிலோ சில நிமிடங்களிலேயே தாண்டிவிடும். பத்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி அழுத்தி, மறுபடி காத்திருந்து என்று மூன்று நான்கு சுற்று ஓட வேண்டும். அடிப்பக்கம் அழகாகச் சிவப்பதால் கவிழ்த்துப் பரிமாறலாம். கேஸ் இணைப்பு இல்லாத அறைகளில் தங்கியிருக்கும் பேச்சிலர்களுக்கு இது போதும்.

சாதாரண மைக்ரோவேவ் ஐந்து நிமிடத்தில் கேக் தரும், ஆறியதும் ரப்பராகிவிடும். கன்வெக்‌ஷன் வசதி உள்ளது என்றால் அது ஓவன் கணக்கில் சேரும். ஏர் பிரையரில் மேல்புறம் கருகியும் உள்ளே வேகாமலும் நிற்கும். 150 டிகிரிக்குக் குறைத்து, முதல் பாதி நேரம் அலுமினியத் தாளால் மூடினால் சமாளிக்கலாம்.

மாவு கலக்க பீட்டர் தேவையில்லை. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தில் வந்த மிக்ஸியே போதும். 6 அங்குல டின்னுக்கு 100 கிராம் சர்க்கரையைப் பொடித்து, இரண்டு முட்டை, 100 மில்லி எண்ணெய், கால் டம்ளர் பால் சேர்த்து நுரைக்க ஓட்டலாம். 125 கிராம் மைதாவையும் ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரையும் சேர்ப்பது மட்டும் கையால். மைதாவை மிக்ஸியில் அடித்தால் பசை ஏறிக் கேக் இறுகும். சென்னை ஈரத்தில் பேக்கிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். வெந்நீரில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்து, பொங்கவில்லை என்றால் அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

வரிசைப்படுத்தினால் பெரிய கேக்குக்கு தேக்சா, சிறியதற்குப் பணியாரச் சட்டி, மென்மையானதற்கு இட்லிப் பானை. பிரஷர் குக்கரை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இதுவரை அதில் கேக் செய்து வந்தவர்கள், அடுத்த முறை பருப்பு வைப்பதற்கு முன் மூடியிலுள்ள சேப்டி வால்வை ஒரு தடவை பாருங்கள். துளியளவு இளகியோ நிறம் மாறியோ இருந்தால், அந்தக் குக்கருக்கான அசல் வால்வையே வாங்கி மாற்றிவிடுங்கள்.