இரு நெறிகளின் சேர்க்கை: ஸ்லேயர் குழுவின் ஆரம்ப காலம்

சிவனே பெரியவன் என்றும் திருமாலே பெரியவன் என்றும் வாதிட்ட சங்கன், பதுமன் என்னும் நாகர்களின் பூசல் தீரும்பொருட்டு, கோமதியம்மன் தவமியற்ற, இறைவன் பாதி சங்கரனாகவும் பாதி நாராயணனாகவும் காட்சியளித்தான் என்பது எங்கள் சங்கரன்கோவிலின் ஸ்தல வரலாறு. அத்திருமேனியில் ஒரு பாதி மற்றப் பாதியை விழுங்கிவிடவில்லை. ஆண்டுதோறும் ஆடித் தபசு கண்டு வளர்ந்த எனக்கு, எந்தக் கலையிலும் இரு மரபுகள் கூடும்போது இரண்டும் முழுமையாக வந்து கூடினவா என்று கேட்பதே இயல்பாகிவிட்டது. திராஷ் மெட்டல் இசையையும் ஹார்ட்கோர் பங்க் இசையையும் இணைத்த ஸ்லேயர் குழுவின் ஆரம்ப காலத்தையும் அந்தக் கேள்வியைக் கொண்டே அளக்க விரும்புகிறேன்.

1981-இல் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் பார்க்கில் தோன்றிய இக்குழுவில் கெர்ரி கிங்கும் ஜெஃப் ஹேனமனும் கிட்டார் வாசித்தார்கள். சிலி நாட்டில் பிறந்த டாம் அராயா பாஸ் கிட்டார் இசைத்துப் பாடினார். கியூபாவில் பிறந்த டேவ் லொம்பார்டோ டிரம்ஸ் வாசித்தார். மருத்துவமனையில் சுவாசச் சிகிச்சைப் பணி செய்துவந்த அராயாவின் சேமிப்பும் கிங்கின் தந்தை தந்த கடனுமே 1983-இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பான 'ஷோ நோ மெர்சி'க்கு மூலதனம். மெட்டல் ரசிகர்களும் பங்க் ரசிகர்களும் ஒருவரையொருவர் பகைத்து நின்ற அந்நாளில், ஹார்ட்கோரில் தோய்ந்திருந்த ஹேனமன் அதனைத் தம் தோழர்களுக்குக் கேட்பித்தார். லொம்பார்டோவின் கைகளில் அது லயமாயிற்று.

அதன் பலனை அறிய இரண்டு தொகுப்புகளை அடுத்தடுத்துக் கேட்டால் போதும். 1985-இல் வந்த 'ஹெல் அவேய்ட்ஸ்', ஏழே பாட்டுக்களை ஏறத்தாழ 37 நிமிடங்களுக்கு விரித்து, எதிரொலியின் மூட்டத்தில் ஆழ்த்திவிடுகிறது. 1986-இல் வந்த 'ரெய்ன் இன் பிளட்' தொகுப்போ பத்துப் பாட்டுக்களை 29 நிமிடங்களுக்குள் முடித்துவிடுகிறது; கேசட்டின் ஒரே பக்கத்தில் முழுவதும் அடங்கிவிட்டதால், மறுபக்கத்திலும் அதையே திரும்பப் பதிந்தார்கள். தயாரிப்பாளர் ரிக் ரூபின் எதிரொலியைக் களைந்துவிட்டமையால், அத்தனை வேகத்திலும் ஒவ்வோர் அடியும் தனித்தனியே காதில் விழுகிறது. சொல்ல வந்ததைச் சொன்னவுடன் நிறுத்திவிடும் இந்தக் கட்டுப்பாடு ஹார்ட்கோர் அளித்த கொடை. நெருக்கமாகப் பின்னிய கிட்டார் அமைப்பு மெட்டல் அளித்தது. இங்கே வேகம் ஆவேசமாக மட்டும் நில்லாமல் சிக்கனமாகவும் கனிந்துவிட்டது என்பதே இக்குழுவின் தலையாய சாதனை.

எனினும் ஹார்ட்கோருக்கு வேகம் பாதி உடல்தான், மறுபாதி மனச்சாட்சி. அதிகாரத்தையும் செல்வத்தையும் சாடிய டெட் கென்னடீஸ் குழுவினரும், போதையை விலக்கிய மைனர் திரெட் குழுவினரும் கேட்பவனைப் பார்த்து நேரே பேசினார்கள். ஸ்லேயர் அந்தப் பாதியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது. ஆஷ்விட்ஸ் முகாமில் மனிதர்களைச் சோதனைப் பொருளாக்கிய மெங்கலே என்ற மருத்துவனைப் பற்றிய 'ஏஞ்சல் ஆஃப் டெத்' என்னும் பாட்டு, அவன் செய்த கொடுமைகளை அடுக்கிச் சொல்கிறதேயன்றித் தீர்ப்புரைப்பதில்லை. அதனை முன்னிட்டுக் கொலம்பியா இசை நிறுவனம் அப்பாட்டு இடம்பெற்ற 'ரெய்ன் இன் பிளட்' தொகுப்பை விநியோகிக்க மறுத்தது. கொடியவன் கொடியவனே என்பதைக் கேட்பவன் தானே உணர்வான் என்று ஹேனமன் நம்பினார். உபதேசம் கலையாகாது என்ற அளவில் அந்நம்பிக்கை மதிக்கத்தக்கதே. ஆனால் கேட்பவன் தீர்ப்புக் கூற வேண்டுமானால் அவனுக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அந்த வேகம் அவ்விடத்தைத் தருவதில்லை. அராயாவின் குரலும் பெரும்பாலும் ஒரே உக்கிரத்தில் நிற்பதால், மெய்யாக நிகழ்ந்த படுகொலையும் கற்பனையான நரகமும் ஒரே நிறம் பெற்றுவிடுகின்றன.

இந்த வேகத்திற்கு அப்பால் செல்ல வழியில்லை என்பதைக் குழுவினரே உணர்ந்தனர். 1988-இல் வந்த 'சவுத் ஆஃப் ஹெவன்' தொகுப்பில் அவர்கள் வேண்டுமென்றே நடையைத் தளர்த்திக்கொண்டார்கள். சோர்வு என்று பலர் குறைகூறிய அத்தளர்ச்சியில் நான் ஒரு தெளிவைக் காண்கிறேன்: அதன் தலைப்புப் பாட்டின் மெதுவான தொடக்கத்தில் அச்சம் அடியெடுத்து வைத்து நம்மை நோக்கி வருகிறது, நாமும் நின்று அதன் முகத்தைப் பார்க்க முடிகிறது. விட்டுவிட்டு வந்த பாதி முழுமையாக வந்து சேரவில்லைதான். ஆயினும் அது வந்து நிற்பதற்கு வேண்டிய இடம் அங்கே திறந்துவிட்டது.