ரயிலை ஓட்டிவிடலாம், நிறுத்துவது எப்படி?

ரயில் வண்டியை இடமோ வலமோ திருப்ப வேண்டிய வேலை ஓட்டுநருக்கு இல்லை. தண்டவாளம் போகும் வழியில்தான் அது போகும். அப்படியிருக்க, கணிப்பொறித் திரையில் ஒரு ரயிலை ஓட்டுவதில் என்ன சிரமம் இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ரயில் சிமுலேட்டர் எனப்படும் விளையாட்டை முதன்முதலாகத் தொடங்குவோர் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அரை மணி நேரம் கழித்து அவர்களைப் பாருங்கள். ரயில் கிளம்பவே இல்லை. அல்லது கிளம்பிய ரயில் நிலையத்தைத் தாண்டி ஓடிவிட்டது. அல்லது நடுவழியில் தானாகவே நின்றுவிட்டது. காரணம் விளங்கவில்லை. 'இது நமக்கு வராது' என்று கணிப்பொறியை மூடிவிடுகிறார்கள்.

இந்தத் தோல்விக்கு யார் பொறுப்பு? விடை காண வேண்டுமானால் சிரமங்களை இரு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரயிலுக்கே உரிய சிரமம் ஒன்று; விளையாட்டு தானாகச் சேர்த்துவிட்ட சிரமம் மற்றொன்று. முன்னது கற்கத் தக்கது. பின்னது களையத் தக்கது.

முதலில் ரயிலுக்கே உரியதைக் காண்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை எதிர்முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் நிற்கும் தொலைவு கிடைக்கும் என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். உலர்ந்த சாலையில் ஒரு காரின் வேகம் நொடிதோறும் 7 மீட்டர் வீதம் குறைவதாகக் கொள்வோம். அது 56 மீட்டரில் நின்றுவிடும். ரயிலின் வேகம் நொடிதோறும் 0.7 மீட்டர் வீதமே குறைவதாகக் கொண்டால் 560 மீட்டர் வேண்டும்! எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிப்பு குறைவு. ரயில் குறைந்த ஆற்றலில் பெரும் பாரத்தை இழுத்துச் செல்ல உதவும் எஃகே, அது நிற்கும் தொலைவையும் நீட்டுகிறது. நடைமேடை கண்ணில் பட்ட பிறகு பிரேக்கைத் தேடுபவர் ஏற்கெனவே தாமதித்துவிட்டார் என்பது இதனால் விளங்கும்.

அடுத்தது பிரேக். 1869இல் அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்கை அமைத்தார். குழாயில் காற்றைச் செலுத்தினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்துவிட்டால் பிரேக்கே இல்லை. இக்குறையை நீக்க 1872இல் அவரே அம்முறையைத் தலைகீழாக்கினார். ரயிலின் நீளம் முழுவதும் ஓடும் குழாயில் காற்று எப்போதும் அழுத்தத்துடன் நிரம்பியிருக்கும். ஓட்டுநர் அவ்வழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள தனித் தொட்டியிலிருந்து காற்று பாய்ந்து பிரேக்கை இயக்கும். பெட்டிகளின் இணைப்பு அறுந்தால் குழாயும் அறுந்து, ரயில் தானே நின்றுவிடும். எவ்வளவு எளிய, அரிய யோசனை!

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அழுத்த மாறுதல் ரயிலின் கடைசிப் பெட்டி வரை சென்று சேர நேரம் பிடிக்கும். பிரேக்கைத் தளர்த்திய பின் தொட்டிகள் மீண்டும் நிரம்பவும் நேரம் பிடிக்கும். புதியவர் இதை அறியார். விசையை அழுத்துகிறார், உடனே ஒன்றும் நிகழவில்லை, மேலும் அழுத்துகிறார். இரண்டும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும்போது ரயில் நிலையத்துக்கு வெகு முன்னரே நின்றுவிடுகிறது. அமெரிக்கச் சரக்கு ரயில்களில் நிலைமை இன்னும் கடினம். அவற்றின் காற்று பிரேக்கைச் சிறிது மட்டும் தளர்த்த இயலாது. தளர்த்தினால் முழுவதும் தளர்ந்துவிடும். மலைச் சரிவில் போடுவதும் தளர்த்துவதுமாக இருந்தால் தொட்டிகளில் காற்று தீர்ந்து, வேண்டிய நேரத்தில் பிரேக் இல்லாமற்போகும்.

இவையெல்லாம் நல்ல பௌதிகப் பாடங்கள். இவற்றை விளையாட்டுகள் எப்படிக் கற்பிக்கின்றன?

ஜப்பானில் டைட்டோ நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'டென்ஷா டெ கோ' என்ற விளையாட்டை முதலில் பாராட்ட வேண்டும். வேகத்துக்கு ஒரு கைப்பிடி, பிரேக்குக்கு ஒரு கைப்பிடி, ஏறக்குறைய அவ்வளவுதான். நிலையத்தில் உரிய குறியில், உரிய நொடியில் நிறுத்த வேண்டும். எத்தனை மீட்டர் தள்ளி நின்றீர்கள் என்பதை அது உடனே காட்டிவிடும். ரயிலுக்கே உரிய சிரமத்தை அது குறைக்கவில்லை, மற்றதைக் குறைத்தது. தோற்றவருக்குத் தாம் ஏன் தோற்றோம் என்பது தெரிகிறது.

2001இல் வந்த 'மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்' வேறு வகை. இங்கிலாந்து, ஆஸ்திரியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆறு பாதைகளையும், நீராவி, டீசல், மின்சார எஞ்சின்களையும் அது வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. அது பெரிய சாதனையே. ஆனால் இத்தகைய விளையாட்டுகளின் பயிற்சிப் பாடங்கள் பெரும்பாலும் 'இந்த விசையை அழுத்துக, அந்த விசையை அழுத்துக' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஏன் அழுத்த வேண்டும், அழுத்திய பின் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பது சொல்லப்படுவதில்லை. விசைகளிலும் ஒற்றுமை இல்லை. மைக்ரோசாஃப்ட் விளையாட்டில் 'டி' விசை வேகத்தைக் கூட்டும், 'ஏ' விசை குறைக்கும். 2009இல் வந்த 'ரெயில்வொர்க்ஸ்' விளையாட்டில் இது நேர்மாறு! இந்தச் சிரமத்தில் ரயிலைப் பற்றிய அறிவு ஏதும் இல்லை.

'ரெயில்வொர்க்ஸ்' புதியவருக்கென்று எளிய முறை ஒன்றையும் தந்தது. அதில் வேகமும் பிரேக்கும் ஒரே கட்டுப்பாட்டில் அடங்கிவிடும். நல்ல எண்ணந்தான். ஆனால் காற்றுக் குழாயும் தொட்டியும் திரைக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. எளிய முறையில் பத்து மணி நேரம் ஓட்டியவரும் முழு முறைக்கு மாறும் நாளில் மீண்டும் அரிச்சுவடியில்தான் தொடங்க வேண்டும். ஏணியின் முதற்படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே படிகளே இல்லை.

ஜெர்மன் பாதைகளை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மற்றொரு அனுபவம் உண்டு. அங்கு 'பி.இசட்.பி.' என்ற பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. எச்சரிக்கை காட்டும் முன்னறிவிப்பு சிக்னலைக் கடந்தால், அதைக் கவனித்ததற்கு அடையாளமாக ஓட்டுநர் 4 நொடிக்குள் ஒரு பொத்தானை இயக்க வேண்டும். தவறினால் அவசர பிரேக் விழும். உயிர்காக்கும் ஏற்பாடு இது. ஆனால் திரைமுன் அமர்ந்த புதியவர் காண்பது என்ன? நன்றாக ஓடிய ரயில் திடீரென நிற்கிறது. ஏதோ விளக்குகள் மின்னுகின்றன. இவ்வமைப்பை அணைத்து வைக்க வசதி உண்டு. ஆனால் அணைத்து வைப்பது விளக்கம் ஆகுமா? 'சிக்னலை ஒப்புக்கொள்ளவில்லை, ஆதலால் நின்றது' என்று ஒரு வரி எழுதிக் காட்டினால் போதுமே!

இதை மறுப்போரும் உண்டு. உண்மையான ஓட்டுநர் மாதக்கணக்கில் பயிற்சி பெறுகிறார். ஆகவே விளையாட்டும் கடினமாக இருப்பதே முறை என்பது அவர்கள் வாதம். இதை முழுவதும் ஏற்பதற்கில்லை. பயிற்சி பெறும் ஓட்டுநரின் அருகில் ஆசிரியர் இருக்கிறார். பிரேக் பிடிப்பதை அவர் உடல் உணர்கிறது. கைப்பிடியின் நிலையைக் கை உணர்கிறது. வீட்டில் அமர்ந்திருப்பவருக்கு இந்த மூன்றும் இல்லை. இழந்தவற்றைத் திரைதான் ஈடுசெய்ய வேண்டும். ஈடுசெய்யாத விளையாட்டு, மெய்யான ரயிலை விடவும் கடினமாகிவிடுகிறது. அதை மெய்ம்மை என்று சொல்லிப் பெருமைப்படுவது பொருந்தாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய 'ஓபன் ரெயில்ஸ்' விலையின்றிக் கிடைக்கிறது. குழாயின் அழுத்தத்தை எண்களாகத் திரையில் காட்டும் வசதியும் அதில் உண்டு. நீராவி எஞ்சினையும் நீண்ட சரக்கு ரயிலையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சில பெட்டிகளே கொண்ட ரயில் ஒன்றை எடுத்துச் சமதளப் பாதையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். ஓரிடத்தில் பிரேக் போட்டு, நின்ற தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 80 கிலோமீட்டரில் ஓட்டி, அதே அளவு பிரேக்கைப் போடுங்கள். தொலைவு இரு மடங்கா, ஏறத்தாழ நான்கு மடங்கா? அழுத்தம் குறையத் தொடங்கியதற்கும் வேகம் குறையத் தொடங்கியதற்கும் இடையே எத்தனை நொடி கழிந்தது?

நிலையத்தைத் தாண்டி ஓடிய ரயில் அப்போது உங்கள் தோல்வியாகத் தோன்றாது. அது ஒரு சோதனையின் முடிவு. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த முறை சற்று முன்னதாகவே பிரேக் போடுங்கள்.