கை சூடேறிய பிறகு

குளிருக்கு முதலில் ஒளிந்துகொள்வது நரம்புதான். அதுவும் பூம்பாறைக்கு அப்பால் கவுஞ்சியில் மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் தோண்டித் தடித்துப்போன கையில் அதைத் தேடிப் பிடிப்பது லேசான வேலையில்லை. இடுப்பு எலும்பு முறிந்து கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் வெகுநாள் படுத்திருந்த எங்கள் ஊர்ப் பெரியவருக்கு வாய்த்த சிஸ்டர், உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் அவரைத் தொடுவார். ஒற்றை விரலால் மெல்லத் தட்டித் தடவி, "தாத்தா, பூண்டு என்ன விலைக்குப் போச்சு?" என்பார். அவர் வியாபாரியைத் திட்டி முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும்.

பிளாஸ்திரியை உரிப்பதைப் பார்க்க வேண்டும். ஈரப் பஞ்சால் நனைத்து, தோலை அழுத்திப் பிடித்து, முடி படிந்த பக்கமாகவே நகர்த்துவார். சர்ரென்ற சத்தமே வராது. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை செருகுவார். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் நீவிவிட்டுத்தான் நகர்வார். ராத்திரிப் பணியிலும் இதே நிதானம்.

கோபமே வராதா என்றால், வரும். பெரியவர் மாத்திரையைப் போர்வைக்கடியில் ஒளித்த அன்று பலமாகவே திட்டு விழுந்தது. நியாயமான திட்டு.