பானையின் அடியில் யார் பெயர்?

செராமிக் சொல்லிக்கொடுக்கிற இடங்களில் இரண்டு புத்தகங்களுக்குத் தனி மரியாதை. ஒன்று, ஆங்கிலேயர் பெர்னார்டு லீச் 1940-இல் எழுதிய ‘ஒரு குயவரின் புத்தகம்’. மற்றது, ஜப்பானியர் யானகி சோயெட்சுவின் கட்டுரைகளை அதே லீச் ஆங்கிலப்படுத்தி 1972-இல் வெளிவந்த ‘பெயரறியாக் கைவினைஞன்’. முதல் புத்தகத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆரம்பத்தில் வரும் உபதேசத்தைத் தள்ளிவிட்டால் மண், சூளை, கிளேஸ் என்று வேலைக்கு ஆகிற விஷயம் நிறைய இருக்கிறது. இரண்டாவதுதான் சிக்கல். அது தொழிலைச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொழில் செய்கிறவன் எப்படி இருக்கணும் என்று சொல்லிக்கொடுக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் சேரிப் பிள்ளைகள் சிலர் இப்போது செராமிக் படிக்கிறார்கள். அவர்கள் கையில் என்ன புத்தகம் கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பது நம் வேலைதான்.

யானகி சொல்வது இது: உண்மையான அழகு, பெயர் தெரியாத ஏழைத் தொழிலாளி நூற்றுக்கணக்கில் செய்து தள்ளுகிற சாதாரணப் பாத்திரத்தில் இருக்கிறது. அவனுக்குத் தான் கலைஞன் என்ற நினைப்பு இல்லை. படிப்பு இல்லை. ‘நான்’ இல்லை. அதனாலேயே அவன் கை சுத்தமானது. கையெழுத்துப் போடுகிற கலைஞன் அகங்காரி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பணக்காரன் வீட்டு அலமாரியிலிருந்து கலையை இறக்கி அடுப்படிக்குக் கொண்டுவந்த மாதிரி இருக்கிறது. ஆனால் சொல்கிறவர் யார்? 1889-இல் கடற்படை அட்மிரல் ஒருவருக்கு மகனாகப் பிறந்து, பிரபுக்களின் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தவர். அவருடைய பெயர் புத்தக அட்டையில் இருக்கிறது. 1936-இல் டோக்கியோவில் அவர் நிறுவிய நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்தோடும் இருக்கிறது. பெயர் இல்லாமல் இருக்க வேண்டியவன் மட்டும் பானை செய்கிறவன்!

யானகி உருகி உருகி எழுதுகிற ஒரு கிண்ணம் உண்டு. கிஸாயெமோன் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டுக் கொரியாவில் யாரோ ஓர் ஏழை செய்தது. சோறு தின்கிற மலிவுக் கிண்ணம் என்பது யானகியின் கணிப்பு. ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்காரர்கள் கையில் அது சிக்கியது. இன்று கியோட்டோவில் ஒரு புத்த மடத்தில் தேசியப் பொக்கிஷமாகப் பெட்டிக்குள் இருக்கிறது. கிஸாயெமோன் என்பது அதைச் செய்தவன் பெயர் அல்ல, ஒரு காலத்தில் அதை வைத்திருந்த வியாபாரியின் பெயர். செய்தவன் பெயர் ஏன் தெரியவில்லை? அவன் அகங்காரம் ஒழித்த ஞானி என்பதாலா? அல்லது அவன் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றாததாலா? 1592 முதல் 1598 வரை ஹிதேயோஷியின் படைகள் கொரியாவைச் சூறையாடியபோது அங்கிருந்த குயவர்களைக் கூட்டமாகப் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். பிடித்துக்கொண்டு போனவனிடம் பேர் என்ன என்று எவன் கேட்டான்?

நியாயமாகவும் பேசணும். 1919-இல் கொரியர்களை ஜப்பானிய அரசு சுட்டு ஒடுக்கியபோது அதைக் கண்டித்து எழுதிய ஜப்பானியர்கள் மிகக் கொஞ்சம் பேர். யானகி அதில் ஒருவர். அது பெரிய காரியம். ஆனால் கொரியக் கலை முழுதும் சோகத்தின் அழகு என்று அவர் எழுதியதைப் பிற்காலக் கொரிய விமர்சகர்கள் சும்மா விடவில்லை. அடிபட்டவனுக்காக அழுகிறவர், அழுகையே அவன் குணம் என்று எழுதிவைத்துவிட்டுப் போகலாமா? நம் ஊரில் ‘வெள்ளந்தி’ ‘அப்பாவி’ என்று நம்மைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களும் இந்த வகைதான்.

இன்னொரு வேடிக்கை. யானகியின் நண்பர் ஹமாதா ஷோஜி பெரிய குயவர். 1955-இல் ஜப்பான் அரசு அவருக்குப் பெரிய பட்டம் கொடுத்தது. இந்தக் கொள்கைப்படி அவர் தன் பாத்திரங்களில் பெயர் பொறிப்பதில்லை. ஆனால் பாத்திரத்தை வைக்கிற மரப்பெட்டியின் மேல் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பார். பெட்டியில் கையெழுத்து இருந்தால் விலையே வேறு. பெயரைத் துறக்கிறதுக்கும் முதலில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

பெயரறியாக் கைவினைஞனைத் தேடி ஜப்பானுக்குப் போக வேண்டியதே இல்லை. புறநானூறு 66ஆம் பாட்டைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். கரிகாலன் வெண்ணிப் போரில் ஜெயித்து நிற்கிறான். அவனிடமே, முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்கிறாள். அந்த வாய் எப்பேர்ப்பட்ட வாய்! அவள் பெயர் என்ன? தெரியாது. ஊர் பெயரும் தொழில் பெயரும் சேர்த்து ஒட்டிய சீட்டு மட்டும்தான் நம் கையில். எம்.ஏ. வகுப்பில் இந்தப் பாட்டை ஒருமுறை நடத்தினார்கள். கரிகாலனின் காலம் பற்றி இரண்டு நாள் பேசினார்கள், இவள் பெயர் எங்கே போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. பெரும்பாலும் பானைக்கு உடைமைக்காரர்களின் பெயர் என்கிறார்கள். வைத்திருந்தவனுக்குப் பெயர் உண்டு. வனைந்தவருக்கு இல்லை.

இந்தப் ‘பெயரில்லாத, படிக்காத, பரம்பரைக் கைவினைஞன்’ என்கிற பிம்பம் நமக்குப் புதுசா என்ன? ஈழத் தமிழர் ஆனந்த குமாரசாமி 1909-இலேயே ‘இந்தியக் கைவினைஞன்’ என்று புத்தகம் எழுதி, பிறப்புவழித் தொழிலை மெச்சினார். சாதி, தொழிலாளிக்குக் கொடுத்த பாதுகாப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. வெளியேற முடியாத கதவு தெரியவில்லை. 1953-இல் ராஜாஜி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் வந்து அதை எடுத்தார். 2023-இல் மத்திய அரசு விசுவகர்மா திட்டம் என்று 18 தொழில்களைப் பட்டியல் போட்டு வந்தது, குயவுத் தொழிலும் அதில் உண்டு. குடும்பத் தொழிலாகச் செய்துவருவோருக்கு என்கிற நிபந்தனையை எதிர்த்துத்தான் 2024-இல் தமிழக அரசு அப்படியே ஏற்க முடியாது என்று சொன்னது.

இந்த இடத்தில்தான் செராமிக் கல்லூரியின் அருமை தெரியும். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்கிற வெள்ளைக்கார டாக்டர் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி. அங்கே செராமிக் ஒரு பட்டப் படிப்பு. அரசுக் கல்லூரி, இட ஒதுக்கீடு உண்டு. அப்பன் குயவனா என்று யாரும் கேட்பதில்லை. நம் ஊர்களில் பெரும்பாலும் பெண்பிள்ளை சக்கரத்தில் உட்காரக் கூடாது. மண் சுமப்பாள், மிதிப்பாள், சந்தையில் விற்பாள், சக்கரம் ஆம்பளைக்கு. கல்லூரியில் அவளும் உட்காருகிறாள். குயவர் தலித் அல்லர். அவர்கள் சக்கரத்தை நம்மாள் தொட்டதும் இல்லை. கல்லூரியில் தொடுகிறான். பரம்பரையை அறுத்துவிட்டதுதான் இந்தப் படிப்பு செய்த ஒரே புரட்சி. அந்தப் பிள்ளைகளிடமே போய் ‘பரம்பரைக் கை, படிக்காத கை, அதுதான் சுத்தம்’ என்று பாடம் நடத்தினால் அவர்கள் என்னத்துக்குக் கல்லூரிக்கு வந்தார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படிப் படித்தாள். சென்னையில் இல்லை, வேறு ஊர். கல்லூரிப் பெயர் வேண்டாம். படிப்பில் நீர் உறிஞ்சல் சோதனை என்று ஒன்று உண்டு. சுட்ட துண்டை உலர்ந்த நிலையில் எடை போட்டு, தண்ணீரில் கொதிக்கவைத்து, மறுபடி எடை போடுவது. கூடின எடைதான் மண் குடித்த தண்ணீர். கிராமத்துப் பானை குறைந்த சூட்டில் வெந்தது, நிறைய குடிக்கும். 1200 டிகிரிக்கு மேல் சுட்ட ஸ்டோன்வேர் கொஞ்சம்தான் குடிக்கும். அந்தச் சோதனையைச் செய்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்திருக்கிறது. பித்தளையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் தீட்டுப் போகும், மண் பாத்திரம் என்றால் உடைக்கணும் என்று சாஸ்திரம் சொல்லுவதும் இந்த உறிஞ்சலைத்தானே! மண் தண்ணீரைக் குடிக்கும் என்பது விஞ்ஞானம். எங்க பாட்டியோட வாயைக் குடிக்கும் என்பது என்ன? ‘அதுக்கு எத்தனை பர்சன்ட்டுண்ணே?’ என்று என்னிடம் கேட்டாள்.

மனு 10ஆம் அத்தியாயத்தில் சண்டாளனுக்கு உடைந்த பாத்திரம் ஒதுக்கியிருக்கிறது. பேஷ்வாக்களின் புனேயில் தீண்டத்தகாதவர் தம் எச்சிலைத் துப்பிக்கொள்ளக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்கணும் என்றிருந்ததை அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் எழுதினார். இவள் கடைசி வருஷ வேலையாக அந்தக் கலயங்களைச் செய்தாள். கழுத்தில் கட்டக் காது வைத்து, பளபளவென்று கிளேஸ் போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் தன் தெருப் பெண்கள் ஒருத்தியின் பெயரை ஈரமண்ணிலேயே குத்தியிருந்தாள். மதிப்பிட வந்தவர்களில் ஒருவர் யானகியைச் சொல்லித்தான் குறை சொன்னாராம்: கைவினையில் பெயர் வரக் கூடாது, இது அரசியல். அவள் சொன்னாள்: ‘இது என் பேரு இல்ல சார். எங்க பாட்டி பேரு. ரேஷன் கார்டுல கூடத் தப்பாத்தான் இருக்கு.’ மார்க் குறைந்துதான் வந்தது.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த பாடத்தை அவர் ஒப்பித்தார். யானகியைத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. அடுப்படிப் பாத்திரத்தைப் பார்க்கக் கண் கொடுத்தவர் அவர். ஆனால் அவரை நடத்துகிற அதே வாரத்தில் அம்பேத்கரின் அந்தப் பக்கத்தையும் வெண்ணிக் குயத்தியாரையும் நடத்தட்டும். குவார்ட்ஸ் கல்லை அரைத்து மாவாக்குகிற மில்களில் அந்தத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வருவதையும் சேர்த்து நடத்தட்டும். கல்லூரி ஸ்டோர் ரூமில் இருக்கிற ஒவ்வொரு மூட்டையையும் யாரோ அரைத்திருக்கிறார்கள். பெயரறியாக் கைவினைஞரைப் பற்றி அவ்வளவு அக்கறை இருந்தால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்தக் கலயங்களில் நான்கைக் காசு கொடுத்து வாங்கினேன். ஒன்றில் தண்ணீர் குடிக்கிறேன். அவள் முதுகலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். வாத்தியார் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள்.