பெரட்டும் புரட்டும்

2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூல்நிலையம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து, எவரும் விலையின்றி வாசிக்கத் தந்து வருகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியக் கண்ட சமூகத்துக்கு இஃது அரும்பணி. மலையக ஏடுகளும் அதில் இடம்பெற்றிருப்பது நமக்கு மகிழ்ச்சியே.

ஆயின், இத்தகைய தொகுப்புகளைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஆராயும் முயற்சிகள் பெருகிவரும் இந்நாளில் ஒரு வினா எழுகிறது. இயந்திரம் தான் மிகுதியாகக் கண்ட சொல்லையே சரியெனக் கொள்ளும் இயல்புடையது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தொழிலாளர் காலையில் கூடி அன்றைய வேலையைப் பெறுவது 'பெரட்டு'. இச்சொல்லை அறியாத இயந்திரம் அதைப் 'புரட்டு' எனத் திருத்திவிடக் கூடும். ஓரெழுத்து மாற, உழைப்பின் சொல் ஏமாற்றின் சொல்லாகிவிடும் அன்றோ!

இக்குறையின் வேர் பழையது. தோட்ட வழக்கைக் கொச்சையென ஒதுக்கிய புலமையின் ஏடுகளிலிருந்தே இயந்திரமும் கற்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்திராவிடில் மலைநாட்டு மக்களின் பாடல்கள் பல காற்றோடு போயிருக்கும். அப்பணி சப்பிரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களிலும் தொடர வேண்டும். ஆசிரியரும் மாணவரும் லயங்களுக்குச் சென்று, பால்வெட்டுவோர் வழங்கும் சொற்களைப் பொருளோடும், சொன்னவரின் இசைவோடும் எழுதிவைக்கட்டும். இயந்திரத்தின் வாசிப்பை அப்பட்டியலோடு ஒப்பிட்டுச் சோதித்த பின்னரே அதன் முடிவுகளை நாம் ஆய்வென ஏற்றல் தகும்.