ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்: மூன்று பாணிகளும் ஓர் உரைகல்லும்

ஜப்பானிய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் யமஹா, சுசுகி, கவாஸாகி என மூன்று பாணிகள் உண்டு. மரபின் வேரோ ஜெர்மனியில். யமஹாவின் முதல் வண்டியான ஒய்.ஏ-1 (1955), டி.கே.டபிள்யூ ஆர்.டி 125-ஐப் பார்த்துச் செய்தது. சைலென்சரின் வடிவத்தாலேயே எஞ்சினின் வலுவைக் கூட்டும் வித்தையைக் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட் நிறுவனத்தில் வளர்த்தவர் வால்டர் காடன். அங்கு பந்தயம் ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் மேற்கே தப்பி, அந்த வித்தையைச் சுசுகியிடம் சேர்த்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு.

கவாஸாகியின் பாணி ஆவேசம். 1969-இல் வந்த எச்-1, மூன்று சிலிண்டர், 500 சிசி, 60 குதிரைத்திறன். நேர்ச்சாலையில் பறக்கும், வளைவில் பயமுறுத்தும். சுசுகி நிதானம்: நீர் குளிர்விக்கும் ஜிடி 750 நெடும்பயணத்துக்கானது.

என் மனம் யமஹா பக்கம்தான். ஆர்.டி 350-இல் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே மெல்லிய ரீட் வால்வு இருக்கிறது. எஞ்சின் உறிஞ்சும்போது திறக்கும், பெட்ரோல்-காற்றுக் கலவை திரும்ப வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். அதனால் தாழ்ந்த வேகத்திலும் இழுவை குறையாது. வேகம் ஏறினால் எஞ்சின் பாடத் தொடங்கிவிடும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் ஆர்.டி 350-ஐ இந்தியாவில் ராஜ்தூத் 350 ஆகத் தயாரித்தபோது முன்சக்கர டிஸ்க் போய் டிரம் வந்தது. அந்த வேகத்துக்கு அது போதாத பிரேக். எஞ்சினின் வலுவும் குறைக்கப்பட்டது; ரீட் வால்வு மட்டும் மாறவில்லை. இரண்டே ஆண்டில் வந்த ஆர்.எக்ஸ் 100, அதே ரீட் வால்வு அழகை 98 சிசிக்குள் அடக்கியது.

இப்படிப்பட்ட பழைய வண்டியைப் பெயின்ட்டும் குரோமும் பார்த்து மதிப்பிடக் கூடாது; உரைகல் எஞ்சின்தான். ஆறிய எஞ்சினை உதைத்து ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கைக் கேளுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்கத் தாமதித்தால் கிராங்க் ஆயில் சீல் காய்ந்து காற்றை உறிஞ்சுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். சைலென்சர் அசலா என்று பாருங்கள். வெளியே நழுவும் புதுக்கலவையை எதிரலையால் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுவது அதுதான். அறுத்தால் சத்தம் கூடும், இழுவை போகும்.

எஞ்சினுக்குத் தனியே ஆயில் ஊட்டும் பம்ப்பைக் கழற்றிப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. மலைச்சாலை இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடியபடி கியரில் இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுழலும், பெட்ரோலோடு போகும் ஆயிலோ சொற்பம். பம்ப் எஞ்சின் சுழற்சியோடு சேர்ந்து ஓடுவதால் அப்போதும் ஆயில் கொடுக்கும். பம்ப் கழற்றிய வண்டி உங்களிடம் இருந்தால், புதுப் பெயின்ட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதைத் திரும்பப் பொருத்துங்கள்.